கயிறு இழுத்த கரை

பாரதிதாசன் தம் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியில் போனதைப் பாடிய 'மாவலிபுரச் செலவு', உல்லாசப் பயணப் பாட்டாகத்தான் தொடங்குகிறது. தோழர்கள், நீர்வழி, தெற்கு நோக்கிப் போகும் தோணி எனக் களிப்பாகவே நகர்கிறது. நடுவில் பாட்டின் குரல் மாறிவிடும். தோளில் கயிற்றைப் போட்டுத் தோணியை இழுத்தபடி ஒருவன் கரையோடு நடந்துபோவது கவிஞரின் கண்ணில் படுகிறது. பின்னால் இன்னொருவன் முதுகை வளைத்துக் கோல் ஊன்றித் தள்ளுகிறான். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தைப் பழைய மனநிலையில் கவிஞரால் தொடர முடியவில்லை.

அந்த நீர்வழி பக்கிங்காம் கால்வாய். இழுத்தவன் நடந்த கரை இன்றும் இருக்கிறது. திருவான்மியூருக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவே, அந்த வழியாக நாள்தோறும் போகிறவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் பாராத ஒரு தாழ்ந்த மண்மேடாக அது கோவளம் வரை வந்து, முட்டுக்காட்டு உப்பங்கழியில் கலந்து, மறுபடி கரையெடுத்துத் தெற்கே போகிறது.

கைவிடப்பட்ட ரயில் பாதைகளை நடைபாதைகளாக மாற்றுவது உலகின் பல நாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. கோவளத்தில் அப்படி மாற்றுவதற்கு ரயில் பாதையே கிடையாது. தென்னிந்திய ரயில்வேயின் தண்டவாளம் 1870களில் செங்கல்பட்டு வழியாக விழுப்புரம் நோக்கி உள்நாட்டில் போய்விட்டது. மாமல்லபுரம் போக விரும்பியவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வண்டி கட்டிப் போக வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஒரு கடற்கரைப் பாதை போடும் திட்டத்துக்கு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஒப்புதல் கிடைத்தது. அது இன்னும் காகிதத்தை விட்டு இறங்கவில்லை. ரயில் வேறிடங்களில் செய்த வேலையை இந்தக் கரையோரத்தில் செய்தது கால்வாய்தான். அதனால் ரயில் பாதைகளின் மறுபிறவி பற்றிய கேள்வியை இங்கே கேட்க வேண்டுமானால் கால்வாயிடம்தான் கேட்க வேண்டும்.

கால்வாய் ஒரே மூச்சில் வெட்டப்பட்டதல்ல. பாசில் காக்ரேன் என்ற ஆங்கில வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய முதல் துண்டு 1806இல் முடிந்தது. கட்டணம் வசூலித்து லாபம் பார்க்கும் தனியார் முயற்சி அது. 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு பல பத்தாண்டுகளாக வடக்கே பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திரக் கரை நெடுக நீண்டது. தெற்கிலும் அடையாற்றுக்கு அப்பால் கோவளம், சதுரங்கப்பட்டினம் வழியாக மரக்காணம் நோக்கிப் போனது. வடக்குத் துண்டும் தெற்குத் துண்டும் நெடுங்காலம் சேராமலே இருந்தன. நடுவில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட நகரப் பகுதி, சுமார் 8 கிலோமீட்டர், வெட்டப்படாமல் கிடந்தது.

அதை வெட்ட வைத்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்தாட்டிய பஞ்சத்தில் ஊர் ஊராகப் பிழைப்பு தேடி நகரத்துக்கு வந்தவர்களைக் கொண்டு, நிவாரண வேலையாக, அந்த இணைப்பு வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில்தான், நிவாரணத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, போதும் என்று அளவு வைத்தார். எதிர்ப்பு வலுத்து அது கைவிடப்படும்வரை மாகாணத்தில் சில மாதங்கள் அந்த அளவுதான் நடப்பில் இருந்தது. கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது. மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை. காலனி அரசின் கட்டுமானங்களில் இது புதுமையும் இல்லை.

முழு நீளமாகச் சேர்ந்தபோது அது பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஓடியது. ஆந்திரத்தில் 257, தமிழ்நாட்டில் 163. கடலிலிருந்து பெரும்பாலும் ஓரிரு கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு இணையாக, உப்பு நீரில் ஓடும் வழி. ஆறுகளின் முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்கும். கால்வாயின் நீர்மட்டம் அதோடு சேர்ந்து சரியாமல் இருக்க, ஆறு குறுக்கிடும் இடங்களில் இரட்டைக் கதவு கொண்ட 'லாக்'குகள் கட்டப்பட்டன. தோணியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். வடசென்னையில் ரயில் சந்திப்பாக எல்லோரும் அறிந்த பேசின் பிரிட்ஜ், கால்வாய்ப் படகுகள் நின்ற 'பேசின்' என்ற நீர்த்துறையின் பெயரைத்தான் இன்னும் சுமக்கிறது.

கோவளம் பழைய துறைமுகம். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் இதற்குச் சாதத் பந்தர் என்றொரு பெயரும் இருந்தது. இங்கிருந்த கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடிக்க, 1752இல் கிளைவ் மீட்டு இடித்துப்போட்டார். கால்வாய் வந்த காலத்தில் அந்தத் துறைமுகப் பெருமை எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் ஊருக்கு மேற்கே கேளம்பாக்கம் வரை விரிந்த உப்பளங்கள் இருந்தன. உப்பு அப்போது அரசின் வருவாய்ப் பொருள். ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு உண்டு. அந்த உப்பு சென்னைக்குத் தோணியில் போனது. தெற்கிலிருந்து நகரத்து அடுப்புகளுக்குச் சவுக்கு விறகும், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சலும் போயின. இவற்றில் எதுவும் அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய சரக்கு அல்ல. எடை அதிகம், விலை குறைவு, கெட்டுப்போகாது. ஒரு மனிதன் தோளால் இழுத்தே பல டன் சரக்கை நகர்த்த முடிகிற வழி என்பதுதான் கால்வாயின் முழுப் பொருளாதாரமும்.

இழுக்க ஒருவன் நடக்க வேண்டும். நடக்கக் கரை தொடர்ச்சியாக இருக்க வேண்டும், அதில் மரமோ வேலியோ குறுக்கே வரக் கூடாது. ஆகவே கால்வாய் என்றால் நீர் மட்டுமல்ல, நீரோடு ஒட்டிப்போகும் ஒரு நடைபாதையும் சேர்ந்ததுதான் அது. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கோலும் கயிறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாமல்லபுரம் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வழிகாட்டி நூல்கள் சொன்ன யோசனை, சென்னையில் மாலையில் படகேறி, படுக்கையோடும் சமையல்காரனோடும் இரவைக் கழித்து, காலையில் இறங்குவது. பயணி தூங்கிக்கொண்டிருந்தபோதும் கரையில் ஒருவன் நடந்துகொண்டிருந்தான்.

இந்த வழியை முதலில் அடித்தது ரயில். சென்னை–விஜயவாடா பாதை 1899இல் முழுதாகத் திறந்தபோது வடக்குக் கால்வாயின் நல்ல சரக்கெல்லாம் தண்டவாளத்துக்கு ஏறிவிட்டது. தெற்கில் போட்டிக்கு ரயில் இல்லாததால் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. பிறகு லாரி வந்தது. ஆனாலும் இது ஒரே நாளில் செத்த வழி அல்ல. 1960-61இல்கூட ஏறத்தாழ 1,200 படகுகள் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றின. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கரைகளையும் லாக்குகளையும் சேதப்படுத்தின. செப்பனிடச் செலவழிக்க அரசுக்கு மனம் வரவில்லை. மண் தூர்ந்தது, நகரத்தின் சாக்கடை இறங்கியது, படகு போகும் ஆழம் போனது. ரயில்வேயில் ஒரு பாதையை மூடினால் அதற்கு ஒரு தேதி இருக்கும், கடைசி ரயில் இருக்கும், வழியனுப்பக் கூட்டம் இருக்கும். கால்வாய்க்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

செத்த வழி நடைபாதையாக எழுந்திருக்க என்ன வேண்டும்? இதற்கு நேரடி ஒப்பீடு அமெரிக்காவில் ஒரு கால்வாயே இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து மேற்கே போடோமாக் ஆற்றோடு 297 கிலோமீட்டர் போகும் செசபீக்–ஒஹாயோ கால்வாயில் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகிழுத்தன. 1924 வெள்ளத்தோடு அது நின்றது. கரையின் மேல் கார்ச் சாலை போடலாம் என்று 1950களில் யோசனை எழுந்தபோது உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், சாலையை ஆதரித்த பத்திரிகை ஆசிரியர்களைத் தம்மோடு அந்தக் கரை முழுதும் நடந்துவரச் சொல்லி 1954இல் அழைத்துப்போனார். முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் சிலர்தான். ஆனால் சாலைத் திட்டம் விழுந்தது. 1971இல் அது தேசியப் பூங்காவானது. ரயில் பாதைகளுக்கு அங்கே 1983இல் சட்டமே வந்தது: ரயில் ஓடாவிட்டாலும் பாதை நிலத்தைத் துண்டுபோட்டு விற்காமல், என்றாவது ரயில் திரும்பலாம் என்று இருப்பில் வைத்து, அதுவரை நடக்கவிடலாம். அழகியல் பேச்சுகளைவிட இந்தச் சட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். நூறு கிலோமீட்டர் நீளம், இருபது முப்பது மீட்டர் அகலம், ஒரே கையில் இருக்கும் நிலம் என்பது இன்று யாராலும் புதிதாக உண்டாக்க முடியாத சொத்து. வண்டி போனபின் மிஞ்சுவது அதுதான். அது ஒரு முறை உடைந்தால் திரும்ப ஒட்டாது.

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூரில் உண்டு. தீவின் ரயில் 1903இல் ஓடத் தொடங்கியது. 1918இல் பாதை மலாய் நாடுகளின் ரயில்வேக்கு மாற்றப்பட்டது. 1923இல் ஜொகூர் கடற்பாலம் வழியாக ரயில் தீபகற்பத்தோடு சேர்ந்தது. 1932இல் பாதை புக்கித் தீமா வழியாகத் திருப்பப்பட்டு, தஞ்சோங் பகாரில் பெரிய நிலையம் திறக்கப்பட்டது. மலாயா ரயில்வேயின் தண்டவாளக் கூலிகளில் தமிழர்கள் மிகப் பெரும் பகுதி. எழுத்தர்கள், நிலைய அதிகாரிகள் வரிசையிலோ யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிறைந்திருந்தனர். ஒரே மொழி பேசிய இரு கூட்டம், ஒரே பாதையின் இரு படிகளில். குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்பில் ரயில்வே தொழிலாளர்கள் 1930களில் சிறிதாக வைத்து வணங்கிய முனியாண்டி, இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய முனீஸ்வரன் ஆலயமாக இருக்கிறார்.

சிங்கப்பூர் தனி நாடானபின் அந்தத் தண்டவாளம் ஒரு விசித்திரம் ஆனது. நாட்டின் நடுவே வேறொரு நாட்டின் ரயில்வேக்கு உரிய ஒரு மெல்லிய கீற்று. இரு அரசுகளும் பல ஆண்டுகள் பேசி, 2010 மே மாதம் நில மாற்றத்துக்கு உடன்பட்டன. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் தாமே ஓட்டிப்போனார். தண்டவாளம் பிடுங்கப்பட்டு மலேசியாவுக்குத் திரும்பியது. கட்டடங்களுக்கு நிலம் போதாத ஒரு தீவில் திடீரென்று சுமார் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு காலி நிலம். எளிதாகக் கூறுபோட்டிருக்கலாம். ரயில் நிற்பதற்கு முன்பே, 2010லேயே, சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அதை முழுதாக ஒரு பசுமை வழியாக வைத்திருக்கலாம் என்ற திட்டத்தை எழுதிக் கொடுத்திருந்தது. அரசு கேட்டுக்கொண்டது. புக்கித் தீமாவின் இரும்புப் பாலங்கள் நின்றன, சிறிய நிலையம் 2022இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. பாதையின் ஒரு பகுதிக்கு அடியில் நகரத்துக்குப் பெரிய குடிநீர்க் குழாயும் பதிக்கப்பட்டது. நடப்பவர்கள் மேலே, தண்ணீர் கீழே. நிலம் துண்டாகாமல் இருந்ததால்தான் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. காலம் முக்கியம்: யோசனை கடைசி ரயிலுக்கு முன்னால் வந்தது.

நம் பக்கத்தில் செத்த பாதைகள் பொதுவாகச் சாலைகளாகிவிடும். மூணாறில் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலை 1924 வெள்ளம் அடித்துப்போனது. தேயிலையை மேலே ஏற்றிப்போன அந்த ரயிலின் நினைவாக மூணாறில் பழைய நிலையக் கட்டடமும், 'டாப் ஸ்டேஷன்' என்ற ஊர்ப்பெயரும் மிஞ்சின. தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை 1964 டிசம்பர் புயல் விழுங்கியது. நெடுங்காலம் அங்கே மக்கள் மணலில் நடந்தும் வண்டியிலும் போனார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தேசிய நெடுஞ்சாலை வந்தது. நடந்தே போக வேண்டிய கடைசி நிலமுனையில் இன்று கார் நிறுத்த இடம் தேடுகிறார்கள்.

சென்னையில் நடந்தது இதைவிட வினோதம். கால்வாயைத் தோற்கடித்த ரயில், நூறாண்டு கழித்து அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தது. பறக்கும் ரயிலுக்குத் தடம் தேடியபோது, நகரத்துக்குள் வடக்குத் தெற்காக, ஒரே அரசுத் துறையின் கையில் இருந்த நீண்ட நிலம் கால்வாய்தான். வீடுகளை வாங்க வேண்டியதில்லை. வழக்குத் தொல்லை குறைவு. 1997இல் கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரையும் 2007இல் வேளச்சேரி வரையும் ரயில் ஓடியது. தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின, சில நிலையங்கள் அதன் மேல் குந்தின. நீர் போகும் அகலம் பாதியும் அதற்குக் கீழுமாய் ஒடுங்கியது. இழுத்தவர்கள் நடந்த கரை நகரத்துக்குள் பல இடங்களில் இருந்த இடம் தெரியாமல் போனது. மற்ற நாடுகளில் ரயில் நிலம் நடைபாதையானது என்றால், இங்கே நடந்த நிலம் ரயிலானது. ரயில் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வேளச்சேரிக்காரர்களைக் கேட்டால் அடித்தே விடுவார்கள். நீளமான பொதுநிலம் என்பதை இந்த ஊரில் எல்லோரும் காலி மனையாகவே பார்க்கிறார்கள் என்பதுதான் என் குறை.

நகர எல்லை முடிந்து கோவளம் பக்கம் வரும்போது கதை இன்னும் முடியவில்லை. கோவளம்–கேளம்பாக்கம் சாலைப் பாலத்தில் நின்றால் இருபுறமும் கழியும் உப்பளமும் கால்வாயும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பது தெரியும். சீமைக் கருவேலம் மூடிய இடம் தவிர்த்துக் கரை பெரும்பாலும் நடக்கக் கூடியதே. பருவத்தில் கூழைக்கடாக்களும் பூநாரைகளும் வரும். 1984 முதல் முட்டுக்காட்டில் சுற்றுலாத் துறையின் படகுத்துறை இயங்குகிறது, அதிலிருந்து பார்ப்பவர்களுக்கு எதிரே தெரியும் மேடு இதுதான் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் இந்தக் கரையை வெறும் உலாவும் இடமாக எண்ணுகிறவர்கள் அதன் இன்றைய வேலையை மறந்துவிடுகிறார்கள். தென்சென்னையின் மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடு வழியாகக் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைத் தொடுகிறது. 2015 வெள்ளத்தில் பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்புகளுக்கு இருந்த வடிகால் இது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது ஆந்திரக் கரையில் இதே கால்வாய் ஏறிவந்த நீரை வாங்கிக்கொண்டு திரும்ப வடியவிட்டது என்று அடுத்த ஆண்டு 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு குறிப்பு வந்தது. ஆகவே இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர் எழுப்பி, ஓடு பதித்து, விளக்கு நட்டு, 'நடைமேடை' என்று திறந்துவைக்கும் திட்டம் எதுவும் கால்வாயின் அகலத்தைத்தான் தின்னும். கயிறு இழுத்தவனுக்கு வேண்டியிருந்தது ஓர் ஆள் அகல மண்வழி. அதற்கு மேல் இன்றைக்கும் தேவையில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. சிங்கப்பூரில் நடைபாதைக்காகக் குடியிருப்புகளைப் பெயர்க்கும் கேள்வி பெரிதாக எழவில்லை. சென்னையில் கால்வாய்க் கரை என்றாலே அதில் தலைமுறையாக வாழ்ந்தவர்கள் உண்டு. பறக்கும் ரயிலுக்கும், பிறகு வெள்ளத் தடுப்புக்கும் என்று அவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டார்கள். கோவளம் கழியில் இருளர்கள் முழங்கால் நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். உப்பளத் தொழிலாளிகளும் மீனவர்களும் இந்தக் கரை வழியாகத்தான் வேலைக்கு வருகிறார்கள். இது அவர்களுக்கு ஏற்கெனவே நடைபாதைதான். அழகுபடுத்தும் திட்டங்கள் முதலில் கொண்டுவருவது வேலியும் காவலாளியும் நுழைவுச் சீட்டும். அந்தச் சீட்டு முதலில் தடுப்பது இவர்களைத்தான்.

காகிதத்தில் கால்வாய் இன்றும் உயிரோடிருக்கிறது. 2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அது அறிவிக்கப்பட்டது. கோவளம் பக்கம் சரக்குப் படகு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த அறிவிப்பால் ஒரு நன்மை உண்டு: வழி என்ற தகுதியை அது இழக்கவில்லை. இப்போது இன்னொரு திட்டம் வந்திருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், திருப்போரூருக்கு அருகே, இரண்டு பெருஞ்சாலைகளுக்கும் இடையில் கோவளம் உபவடிநிலத்தில், 4,375 ஏக்கரில் 350 கோடி ரூபாயில் நன்னீர்த் தேக்கம் ஒன்றை மாநில அரசு அறிவித்தது. உப்பும் நன்னீரும் கலந்து வாழும் கழியை நன்னீர்த் தேக்கமாக்கினால் இறாலும் மீனும் என்னாகும் என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நீரியல் வல்லுநர்கள் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

என் கேள்வி அதைவிடச் சிறியது. தேக்கம் வந்தால் அதற்குக் கரை வரும். பராமரிப்பு வண்டிக்கென்று கரைமேல் ஒரு பாதையும் வரும். பழைய இழுவைக் கரையோடு அது எங்கே சேரும், எங்கே அறுபடும், அதில் நடந்துபோகும் உரிமை யாருக்கு என்பதைத் திட்ட வரைபடத்தில் இப்போதே எழுதிவைக்கலாம். சிங்கப்பூரில் அந்தப் பேச்சு கடைசி ரயில் புறப்படும் முன்பே முடிந்திருந்தது. இங்கே அது ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இனி தாமதித்தால், முதலில் வருவது கரைமேல் ஒரு கேட்டும் அதற்கொரு பூட்டுமாகத்தான் இருக்கும்.